சீசாவில் ஏறிய சிவப்பு

என் வீட்டுக்காரிக்கு மூச்சு இழுப்பு உண்டு. கல்யாணமாகி வந்தபோதே லேசாக இருந்தது. மகள் பிறந்த பிறகு அதிகமாகிவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் மாசிப் பனி விலகும் வரை அவள் படுத்துத் தூங்கிய நாட்கள் குறைவு. சுவரோரம் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். நான் பக்கத்தில் பாயைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். நான் தூங்குகிறேன் என்று அவள் நம்ப வேண்டும், அதற்காகத்தான்.

தூதுவளையும் ஆடாதோடையும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிய தண்ணீரைத் தினமும் குடித்தாள். அதில் மனசுக்குத் தெம்பு வந்தது, நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இழுப்பு முற்றிவிட்டால் உதடு நீலம் பாரித்துவிடும். அப்படி ஒரு நாளில்தான் பக்கத்து வீட்டார் சொல்லி ஆரப்பாளையத்து டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் பையிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் ஒரு கண்ணாடிக் குமிழை எடுத்தார். அதன் கழுத்தை உடைத்து, உள்ளே இருந்த தெளிந்த தண்ணீரை ஊசியில் ஏற்றி, அவள் கையில் தோலுக்கு அடியில் போட்டார். அவளுக்கு முகம் வெளுத்தது. கை கிடுகிடுவென்று நடுங்கியது. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் உள்ளே யாரோ ஒரு கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி மூச்சு இறங்கியது.

"என்ன மருந்துங்கய்யா இது?" என்று கேட்டேன்.

"அட்ரினலின்னு பேரு பாய். வெளியூர்ச் சரக்குன்னு நெனைக்காதீங்க, நம்ம உடம்பே இதச் சுரக்குது. நரம்பு சொல்றதச் சதைக்குக் கொண்டுபோய்ச் சேக்குறது இந்த ஜாதிச் சரக்குத்தான். பயந்தா நெஞ்சு திக்குத் திக்குன்னு அடிக்குதுல்ல, அதுவும் இதோட வேலதான்."

அப்படியானால் எப்போதும் பயந்துகொண்டே இருந்த என் உடம்பில் அது எந்நேரமும் ஊறிக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும். வேண்டாத எனக்கு அம்புட்டு, வேண்டிய அவளுக்கு இல்லை. படைத்த ரப்பு கொடுத்த பங்கு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருஷங்கள் அந்தக் கண்ணாடிக் குமிழ்களை நம்பியே எங்கள் குடும்பம் ஓடியது. பிறகு யுத்தம் வந்து, கப்பலில் வரும் சாமான்கள் ஒவ்வொன்றாக நின்றன. டாக்டர் தன்னிடம் மிச்சமிருந்ததைச் சிக்கனமாகப் போட்டார். கடைசியில் ஒரு நாள் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"பாய், ஆம்பியூல், அந்தக் கண்ணாடிக் குமிழு, தீந்துருச்சு. மெட்ராஸ்லயும் கைய விரிச்சுட்டாங்க. ஆனா எங்கிட்டத் தூளாக் கொஞ்சம் கெடக்கு." ஒரு சின்னக் குழாயைக் காட்டினார். அடியில் அழுக்கு வெள்ளையாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. "இதத் தண்ணியில கரைச்சு ஊசி மருந்தா ஆக்கணும். அது என் கைக்கு அடங்குற வேல இல்ல. காலேஜ்ல ரசாயன வாத்தியாரு ஒருத்தர் என் சிநேகிதரு. ஒங்க கடையிலதான் சீசா வாங்குறாராம்ல?"

எனக்கு அவரைத் தெரியும். விளக்குத்தூண் பக்கம் என் கடை. பழைய சீசாக்களை வாங்கி, கழுவி, மூடி போட்டு அத்தர்க்காரர்களுக்கும் நாட்டு வைத்தியர்களுக்கும் விற்பேன். யுத்தம் வந்து புதுச் சீசா வருவது நின்றபிறகு காலேஜ்காரர்களும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். வாத்தியார் ஒல்லியான மனிதர். சீசாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். விலை பேசத் தெரியாது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன்," என்றார் டாக்டர். "இந்த மருந்து கெட்டா செவக்கும். மொதல்ல ரோஸ், அப்புறம் செவப்பு, அப்புறம் கருப்பட்டித் தண்ணி மாதிரி ஆயிரும். செவந்தத நான் ஒடம்புல ஏத்தமாட்டேன். செவக்காம வச்சிருக்கது ஒங்க வாத்தியார் பாடு."

அந்தத் தூளைத் தவிர எங்களுக்கு வேறு நாதி இல்லை. அது தீர்ந்தால் அவள் இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலேஜ் ரசாயன அறைக்குள் நான் அதுவரை போனதில்லை. வாத்தியார் என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். விரட்டாமல் இருந்ததே பெரிய காரியம். அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடையில் உட்கார்ந்து கற்பனை செய்துகொண்டு சாவதைவிட மேல் என்று தோன்றியது.

முதலில் தண்ணீர். காய்ச்சி இறக்கிய தண்ணீரிலும் ஏதாவது உப்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி வைத்திருந்தார். நீளக் கம்பி ஒன்று, அதன்மேல் நகரும் முள் ஒன்று, காதில் வைக்க டெலிபோன் குழாய் ஒன்று. தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டால் குழாயில் வண்டு ரீங்காரம் போலச் சத்தம் கேட்கும். முள்ளை நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சத்தம் ரொம்பத் தேய்ந்துபோகும். அந்த இடத்தைக் குறித்து வைத்தால் தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்று கணக்குப் போடலாமாம்.

"நீங்களும் கேளுங்க பாய். எனக்கு மட்டும் அப்பிடித் தோணுதான்னு தெரியணும்," என்று குழாயை என்னிடம் நீட்டினார்.

நான் பிஸ்மி சொல்லிக் காதில் வைத்தேன். "எறும்பு நடக்குற மாதிரி இருக்கு சார்."

"எறும்புதான் இருக்கணும். வண்டு இருக்கக் கூடாது," என்றார்.

பிறகு தூளைக் கரைத்தார். தண்ணீரில் போட்டால் அது கரையாமல் அப்படியே அடியில் கிடந்தது. அவர் உப்பு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, தூள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. "இப்ப இது உப்பு. உப்பா இருந்தாத்தான் தண்ணியோட சேரும்," என்றார். ஆனால் அந்த அமிலத்தில்தான் எல்லாம் இருந்தது. கூடிவிட்டால் ஊசி போட்ட இடம் தீயாக எரியும். குறைந்துவிட்டால் மருந்து சிவக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம். அதைக் கண்டுபிடிக்க அவர் மரத் தட்டில் சின்னக் குழாய்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். ஒரு முனையில் நல்ல மஞ்சள், போகப் போகப் பச்சை கலந்து, மறு முனையில் கத்தரிப்பூ ஊதா. மருந்தில் துளி எடுத்து ஒரு சாயச் சொட்டு விட்டு, எந்தக் குழாயின் நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார். மஞ்சள் என்றால் அமிலம் போதும். ஊதா என்றால் அமிலம் செத்துவிட்டது.

அன்றைக்கு மஞ்சள் வந்தது. என் கடையிலிருந்தே சீசா கொண்டுபோயிருந்தேன். இருப்பதிலேயே நல்ல சீசா. வேறு யாரும் தொடக் கூடாது என்று நானே கழுவியது. வண்ணார்கள் துணி வெளுக்கும் உவர்மண்ணைக் கரைத்து அதில் ஊறப்போட்டு, தேய்த்து, மறுபடி உவர்மண்ணில் ஊறப்போட்டுத் தேய்த்திருந்தேன். சுத்தம் ஈமானில், மார்க்க நம்பிக்கையில், பாதி என்பார்கள். அவள் உடம்புக்குள் போகும் மருந்து அல்லவா.

சில நாள் கழித்து வாத்தியார் கடைக்கே வந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து சீசாவை எடுத்துப் பலகைமேல் வைத்தார். ரோஜாப்பூ சர்பத் மாதிரி இருந்தது.

நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். "தூள் கெட்டுப்போச்சா சார்?"

"தூள் நல்ல தூள். காலேஜ் கண்ணாடிக் குடுவையில நான் கொஞ்சம் தனியா எடுத்து வச்சிருந்தேன், அது அப்பிடியே இருக்கு. ஒங்க சீசாவுல வச்சதுதான் ஊதா காட்டுது. இத எதுல கழுவுனீங்க?"

சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா வருத்தப்படுகிறாரா என்று தெரியவில்லை. உவர்மண் முழுக்கக் காரம், அமிலத்துக்கு எதிரி. எத்தனை தண்ணீர் ஊற்றி அலசினாலும் கண்ணாடியில் கொஞ்சம் தங்கிவிடும். போதாததற்கு மட்டக் கண்ணாடியே தன் பங்குக்குக் காரத்தைக் கக்கும். இரண்டும் சேர்ந்து அமிலத்தைத் தின்றுவிட்டன என்று பொறுமையாகச் சொன்னார்.

மாலையில் டாக்டர் வந்து கேட்டுவிட்டு, "ஏன் பாய், கொஞ்சம் அழுக்காக் கழுவியிருக்கக் கூடாதா?" என்றார்.

"அவரு என்ன பண்ணுவாரு? கழுவாத சீசா குடுத்திருந்தா அதுக்கும் ஏசியிருப்பீரு," என்றார் வாத்தியார்.

"ஏசத்தான் செய்வேன். நீரு மட்டும் என்ன, வாங்குறப்பவே சோதிச்சிருக்க வேணாமா? காதுல கொழாய வச்சுக்கிட்டு எறும்பு நடக்குதா, யானை நடக்குதான்னு கேக்கத் தெரியுது."

அவர்கள் இருவரும் இப்படி ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருந்தார்கள். நான் குழாயில் மிச்சமிருந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இருந்ததில் பாதி போலத்தான் தெரிந்தது.

இரண்டாம் முறை வாத்தியார் அவசரப்படவில்லை. நான்தான் அவசரப்பட்டேன். மழை தொடங்கிவிட்டது. வீட்டில் அவளுக்கு இரவெல்லாம் விசில் ஊதுகிற மாதிரி நெஞ்சுக்குள் சத்தம். அவர் சீசாக்களை அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி இறக்கிய தண்ணீரில் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைச் சாயச் சொட்டு விட்டுப் பார்த்தார். துளி ஊதா தெரிந்தாலும் மறுபடி கொதிக்கவைத்தார். மருந்தைத் துளித்துளியாகப் பல குழாய்களில் வெவ்வேறு அளவு அமிலத்தோடு ஊற்றிவைத்து, எது சிவக்கிறது, எது சிவக்கவில்லை என்று தினமும் பார்த்தார். கெடாமல் காக்கக் கந்தக உப்பு ஒன்று சேர்ப்பார்களாம். காலேஜில் இருந்தது பழசாகிச் சத்துப் போயிருந்தது. அதனால் காற்றை அண்டவிடாமல் வைப்பது ஒன்றே வழி என்றார். சுண்ணாம்புக் கல்லில் அமிலம் ஊற்றினால் ஒரு காற்று வரும். நல்ல கண்ணாடிக் குழாயை உருக்கி அவரே குமிழ்கள் செய்தார். அந்தக் காற்றைக் குமிழுக்குள் செலுத்தி, உள்ளே இருக்கிற நம் காற்றை வெளியே தள்ளிவிட்டு, மருந்தை ஊற்றிக் கழுத்தை நெருப்பில் உருக்கி மூடினார்.

நான் மதியம் லுஹர் தொழுதுவிட்டு நேரே காலேஜுக்குப் போய்விடுவேன். என்னைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர், "வெள்ளையாத்தான் இருக்கு," என்பார். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பி நடப்பேன். பாதி வழியில் மறுபடி சந்தேகம் வரும். இப்போது சிவந்திருக்குமோ. திரும்பிப் போய்ப் பார்க்க வெட்கமாக இருக்கும். ஒரு தடவை திரும்பிப் போகவும் செய்தேன்.

குமிழ்கள் சிவக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவற்றால்தான் கழிந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் ஒவ்வொன்றாக உடைந்தன. கடைசிக் குமிழை டாக்டர் உடைத்தபோது அந்தச் சின்னச் சத்தம் எனக்கு எலும்பில் கேட்டது.

குழாயின் அடியில் ஒட்டியிருந்த மிச்சத் தூளையும் சுரண்டி வாத்தியார் மூன்றாம் முறை கரைத்தார். அது மார்கழி. மருந்து நன்றாக வந்தது, மஞ்சள் காட்டியது. ஆனால் குமிழை மூட நெருப்பு இல்லை. காலேஜ் அடுப்புகளுக்குப் பெட்ரோலில் இருந்துதான் வாயு எடுப்பார்கள். பெட்ரோல் பங்கீடு அந்த வாரம் வரவில்லை. அதற்குள் வீட்டில் இழுப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று மருந்தைக் கண்ணாடி மூடி போட்ட சீசாவில் விளிம்பு வரை நிறைத்து, மூடியைச் சுற்றி மெழுகு பூசி என்னிடம் கொடுத்தார்.

"ஆபத்து வந்தாத் தவிர மெழுக ஒடைக்காதீங்க. பெட்ரோல் வந்ததும் கொண்டாங்க, குமிழ்ல மூடிரலாம். இதுக்கு மேல தூள் கெடையாது பாய்."

துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் குளிர்ச்சியாக, இருட்டாக இருக்கும் இடத்தில் வைத்தேன்.

என் மனைவியின் தம்பி மேலூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருந்தான். அக்காவுக்கு முடியவில்லை என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவான். அவள் மேல் உயிர். தாயில்லாத பிள்ளையை அவள்தான் தூக்கி வளர்த்தாள். அந்த வாரமும் வந்திருந்தான். நான் மறுநாள் கடைக்குப் போய்விட்டு மதியம் சாப்பிட வந்தபோது, வாசலிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், வேல முடிஞ்சுச்சு."

"என்ன வேல மாப்ள?"

"மருந்த ஹஜ்ரத்துகிட்டக் கொண்டுபோய் ஓதி வாங்கியாந்துட்டேன். முழுசா ஓதி மூணு தடவ ஊதுனாரு. வெறும் இங்கிலீசு மருந்தாப் போட்டா எப்பிடி மச்சான் கேக்கும்? அதான் நோய் திரும்பத் திரும்ப வருது."

"மூடியத் தெறந்தியா?"

"தெறக்காம எப்பிடி ஊதுறது? கண்ணாடிக்கா ஊதச் சொல்லுறீங்க?"

"ஹஜ்ரத் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரு. மூடியே கொண்டாந்திருக்கலாமேப்பா, மேலேயே ஊதியிருப்பனேன்னாரு. நான்தான், இல்ல ஹஜ்ரத், உள்ள படணும்னு சொன்னேன். வார வழியில ஒரு டீ குடிச்சேன். சீசாவ பத்திரமா பெஞ்சு மேல பக்கத்துலயேதான் வச்சிருந்தேன்."

"வெயில்லயா?"

"மார்கழி வெயிலு என்ன மச்சான் சுடவா போகுது?"

சீசாவை வாங்கிப் பார்த்தேன். மெழுகு நகத்தால் பெயர்க்கப்பட்டிருந்தது. கழுத்து வரை இருந்த மருந்து கொஞ்சம் இறங்கி, மேலே காற்று நின்றது. கொஞ்சம் சிந்திவிட்டிருக்கிறான். அவனை ஏச வாய் வரவில்லை. ஓதியதைக் குறை சொல்ல நான் யார். என் கழுத்திலும் அவள் கழுத்திலும் அதே ஹஜ்ரத் ஓதிக் கட்டிய தாயத்துதான். ஓதிய துஆவும் உள்ளே போயிருக்கிறது, காற்றும் உள்ளே போயிருக்கிறது. எது முந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பிடாமல் காலேஜுக்கு ஓடினேன். வாத்தியார் நடந்ததைக் கேட்டு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். ஹஜ்ரத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. துளி எடுத்துச் சாயச் சொட்டு விட்டார். மஞ்சள்.

"அமிலம் நிக்குது. அது வரைக்கும் நல்லது." பிறகு சீசாவை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, பக்கத்தில் வெறும் தண்ணீர் நிறைத்த சீசாவையும் வைத்து, குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சார்?"

"ஒரு சாயல் தெரியுற மாதிரி இருக்கு. நான் பாக்குறனா, என் பயம் பாக்குதான்னு தெரியல. நீங்க பாருங்க."

நான் பார்த்தேன். எனக்கு எல்லாமே சிவப்பாகத் தெரிந்தது. மேசை, காகிதம், என் கை.

"எம்புட்டுப் பலம் போயிருக்கும் சார்?"

"அத அளக்குற கருவி எங்கிட்ட இல்ல பாய். அமிலத்த அளப்பேன், தண்ணிய அளப்பேன். பலத்த ஒடம்புல ஏத்தித்தான் பாக்கணும். ஆரம்பிச்சது நிக்காது, மெதுவா ஏறிக்கிட்டே இருக்கும். பெட்ரோல் நாளைக்கு வருதுன்னாங்க." பலம் இன்னும் குறைந்துவிடக் கூடாதென்று தண்ணீர் விட்டு நிரப்பாமல், சுண்ணாம்புக் கல் காற்றை மட்டும் சீசாவின் மேல்பாகத்தில் செலுத்தி மூடி, திரும்ப மெழுகு பூசிக் கொடுத்தார். அதற்கு மேல் அவரால் ஆவது ஒன்றும் இல்லை.

நாளை வரை பொறு என்று இழுப்பிடம் யார் சொல்வது.

சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்தேன். கூடத்தில் அவள் தலையணையை விட்டு முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் தரையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. என்னைப் பார்த்து, "என்னங்க" என்றாள். நின்றாள். மூச்சைத் தேடினாள். "முடியல" என்றாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது அவளுக்கு.

மச்சினனை டாக்டரிடம் விரட்டினேன். குதிரை வண்டி பிடித்து அவர் வந்து சேர்ந்தபோது வெயில் சுவரின் மேல்விளிம்பில்தான் இருந்தது. நடந்ததையெல்லாம் மச்சினன் வண்டியிலேயே சொல்லியிருக்கிறான். டாக்டர் முகம் இறுகியிருந்தது. "சீசாவக் கொண்டாங்க," என்றார். கூடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. யுத்த உத்தரவுப்படி சிம்னியில் கறுப்புக் காகிதம் சுற்றி, கீழே மட்டும் மஞ்சளாக வெளிச்சம் விழும்.

"இந்த வெளிச்சத்துல ரோஸ் தெரியாது. எல்லாம் மஞ்சளாத்தான் காட்டும். மாடிக்கு வாங்க, பொழுது சாயுறதுக்குள்ள."

மூன்று பேரும் மாடிப்படி ஏறி ஓடினோம். மேற்கே வானம் சிவந்து கிடந்தது. டாக்டர் அதற்கு முதுகைக் காட்டிக் கிழக்குப் பார்த்து நின்றார். "வெள்ளையா ஏதாவது குடுங்க." என் வேட்டி மார்கழிச் சேறு. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி விரித்துப் பிடித்தேன். அதற்கு முன்னால் அவர் சீசாவைப் பிடித்தார். கீழே அவள் மூச்சு மாடிவரை கேட்டது.

ரோஸ்தான். மிகவும் லேசாக, தொப்பியின் வெள்ளையில் யாரோ வெற்றிலை போட்ட வாயால் ஊதின மாதிரி. என் பயம் பார்க்கவில்லை. மூன்று பேரும் பார்த்தோம்.

டாக்டர் சிவந்ததைப் போடமாட்டேன் என்று முன்பே சொன்னவர். நான் வற்புறுத்தினால் அந்தப் பொறுப்பு என்னுடையது, வற்புறுத்தாவிட்டாலும் என்னுடையதுதான். மச்சினன் தேம்ப ஆரம்பித்தான். "நான்தான்யா கொன்னுட்டேன்," என்றான்.

"சும்மா இருங்கய்யா, கீழ கேக்கும்," என்றார் டாக்டர். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாய், கருப்பட்டித் தண்ணியா இருந்தாத் தொடமாட்டேன். இது இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. அமிலம் நிக்குதுன்னு அவரு பாத்துச் சொல்லியிருக்காருல்ல?"

"மஞ்சக் காட்டுச்சுங்கய்யா. என் கண்ணால பாத்தேன்."

"அப்ப உள்ள பாதிக்கு மேல நல்ல சரக்கு இருக்கணும். கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுப் பாப்போம். கேக்கலன்னா..." அவர் முடிக்கவில்லை. "போட்டுரவா?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "பிஸ்மி சொல்லிப் போடுங்கய்யா," என்றேன்.

ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்தார். முதலில் துளியளவு. அவள் கையைத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. முகம் வெளுக்கவில்லை, கை நடுங்கவில்லை. எப்போதும் பார்த்துப் பயந்த அந்த நடுக்கம் இப்போது வராதா என்று நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னார்கள். பள்ளிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கையைத் தேய்த்தார். மறுபடி காத்திருந்தார். அவள் உதட்டில் நீலம் இருந்தது. மூன்றாம் முறை ஏற்றினார். இந்தத் தடவை சீசாவில் இருந்ததை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவளுடைய சுண்டுவிரல் ஆடியது. ஆடுகிற விளக்கின் நிழல் என்று நினைத்தேன். பிறகு எல்லா விரல்களும் ஆடின. முகம் வெளுத்தது. டாக்டர் நாடியைப் பிடித்தபடியே தலையை ஆட்டினார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. காதுவரை ஏறியிருந்த தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். அவள் தரையிலிருந்து கைகளை எடுத்துத் தலையணையில் சாய்ந்தாள்.

கதவோரம் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான் மச்சினன். அவள் அவனைத்தான் பார்த்தாள்.

"ஏண்டா தம்பி, ஊதணும்னா ஹஜ்ரத்த வீட்டுக்குக் கூட்டியாந்து என் தலையில ஊதச் சொல்லியிருக்கலாம்ல, அத விட்டுட்டு அந்த வாத்தியாரு அம்புட்டுப் பாடுபட்டு அடைச்சுக் குடுத்த மெழுகப் பேத்துத் தெறந்து டீக்கடை பெஞ்சுல வெயில்ல காயவச்சு எடுத்தாந்திருக்கியே, அக்காவ வழியனுப்ப ஒனக்கு இம்புட்டு அவசரமாடா?"

எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

மச்சினன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இல்லக்கா, உள்ள படட்டுமேன்னுதான்..." என்றான்.

"உள்ள பட்டுச்சுல்ல, இப்ப ரோட்டோரத் தூசியும் சேந்துல்ல பட்டிருக்கு, ஒன் டீக்கடையில பால இப்பிடித்தான் தெறந்து போட்டு வைப்பியா?" என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். நாங்கள் யாரும் குறுக்கே பேசவில்லை.